இடது சீட்டில் இருப்பவர் சொல்ல வேண்டும்

டிசம்பர் 8, ஞாயிறு

பொங்கல் விடுமுறைக்கு ஹம்பிக்குப் போகிறோம். வேனை நான் ஓட்டுகிறேன். முடிவாகிவிட்டது.

போகிறவர்கள் நானும், மாடியில் குடியிருக்கும் சிந்துஜாவும், அவள் பிள்ளைகள் இரண்டு பேரும். தூரிகாவுக்குப் பத்து வயது, கபிலனுக்கு ஆறு. அப்பா தோஹாவில் வேலை பார்க்கிறார். ஏப்ரலில் குடிவந்தார்கள். வந்த அன்றே இரண்டு பிள்ளைகளும் என்னைப் பாட்டி என்றார்கள். ஆன்ட்டி என்று திருத்தினேன். அதற்குப் பிறகு தவறியதில்லை. நல்ல பிள்ளைகள்.

ஆரம்பித்து வைத்தவன் கபிலன்தான். ஷெட்டின் கம்பிக் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கேட்டான்.

"ஆன்ட்டி, இது ஆம்புலன்ஸா?"

"இல்லை. வீடு. உள்ளே கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. இதிலேயே கட்ச் பாலைவனம் வரைக்கும் போயிருக்கிறேன்."

"அப்புறம் ஏன் சும்மா நிக்குது?"

அதற்குச் சரியான பதில் என்னிடம் இருந்திருந்தால் இந்தப் பயணமே வந்திருக்காது.

வேனுக்குப் பெயர் சிஸ்டர். என் கணவர் சென்னியப்பன் வைத்த பெயர். எங்கள் கான்வென்டில் இருந்த சிஸ்டர் பெனடிக்டாவைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இவளும் அவசரப்பட மாட்டாள், மன்னிக்கவும் மாட்டாள்" என்று வைத்தார். அவர் போன நாலு வருடத்தில் சிஸ்டர் பெட்ரோல் பங்கைத் தாண்டிப் போனதில்லை.

சிந்துஜா இழுத்தாள். "நீங்களேவா ஓட்டுவீங்க மேடம்? டிரைவர் யாராச்சும் போட்டுக்கலாமே."

டிரைவர் போட்டுக்கொண்டு போவதற்கு நாம் என்ன பெண் பார்க்கவா போகிறோம் என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். சிரித்தால் சம்மதம்.

டிசம்பர் 9, திங்கள்

மெக்கானிக் வருகிறேன் என்றான். வரவில்லை.

டிசம்பர் 11, புதன்

மெக்கானிக் யூசுப் இன்று வந்தான். பேட்டரி புதிது. பிரேக் லைனிங் புதிது. நான்கு டயரில் இரண்டை மாற்றச் சொன்னான், நான்கையும் மாற்றச் சொன்னேன். குழந்தைகள் ஏறுகிற வண்டி.

"வண்டி கல்லு மாதிரி இருக்குதும்மா. ஓட்டறது யாரு?"

"நான்தான்."

அவன் தலையைச் சொறிந்தான். எழுபத்து மூன்று வயதுப் பெண் வேன் ஓட்டினால் ஆண்களுக்குத் தலை அரிக்கிறது. நாற்பது வருடமாகப் பார்க்கிறேன்.

குளியலறையில் புதிதாக ஒட்டிய டைல்ஸ் வரிசை நடுவில் நெளிந்து கிடக்கிறது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். "நேராத்தானுங்க இருக்குது" என்று ரசமட்டத்தை எடுத்து வைத்துக் காட்டினான். ரசமட்டமும் நெளிந்துதான் இருந்தது. இந்தக் காலத்தில் எதைத்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள். இந்த டைரியிலேயே கோடுகளை வளைவாக அச்சடித்திருக்கிறார்கள். நான் தடித்த ஸ்கெட்ச் பேனாவால், கோட்டைப் பொருட்படுத்தாமல் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு கண் டாக்டரிடம் போனேன். மீசை முளைத்து இரண்டு நாள் ஆன மாதிரி இருந்தான். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது, மாதம் ஒரு ஊசி போட வேண்டும் என்றான். எங்கே என்றேன். கண்ணில் என்றான். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்து கண்ணாடியை மாற்றிக்கொண்டேன். புதுக் கண்ணாடியும் சுமார்தான்.

டிசம்பர் 15, ஞாயிறு

பயணத் திட்டக் கூட்டம். என் சாப்பாட்டு மேஜை. பிள்ளைகள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

நான் போட்டிருந்த திட்டம்: காலை நான்கரைக்குக் கிளம்புவது, ஒரு நாளைக்கு முந்நூறு கிலோமீட்டர், வெயில் ஏறுவதற்குள் பாதித் தூரம். முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசக் கூடாது. நானும் என் கணவரும் அப்படித்தான் போவோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கேட்டுப் பேசி மாற்ற வேண்டிய திட்டம் எதையும் நாங்கள் போட்டதில்லை.

சிந்துஜா மெதுவாகச் சொன்னாள். "மேடம், கபிலன் நாப்பது கிலோமீட்டருக்கு ஒருக்கா வாந்தி எடுப்பான்."

"எடுக்க மாட்டேன்" என்றான் கபிலன்.

"போன தடவை ஏற்காடு போறப்ப யாருடா எடுத்தது?"

"அது பஸ்சு எடுத்துச்சு."

முந்நூறை நூற்றைம்பதாகக் குறைத்தேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தம். நாலு மணிக்குள் இடம் பிடித்துவிட வேண்டும். இருட்டிய பிறகு கூடாரம் அடிப்பவன் கல்லின் மேல்தான் அடிப்பான். ஆற்று மணலில் தங்கக் கூடாது, எவ்வளவு அழகாக இருந்தாலும். ஊர்க்காரரிடம் கேட்காமல் எந்தத் தோப்பிலும் வண்டியை விடக் கூடாது. கேட்கும்போது குழந்தைகளை முன்னால் நிறுத்த வேண்டும். அதுதான் இந்தப் பயணத்தில் எனக்குப் புதிதாகக் கிடைத்திருக்கும் வசதி.

"நைட்டு பாத்ரூம் வந்தா?" என்றாள் தூரிகா.

"மூடி போட்ட வாளி."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்ச் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு, காலையில் அதைக் கொட்டுவது யார் முறை என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

ஒரு மணி நேர மௌனத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பத்து நிமிடமாக்கினேன்.

டிசம்பர் 21, சனி

கொசுவலை துவைத்தேன். அடுப்பின் பர்னரை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தேன். தண்ணீர்த் தொட்டியில் செத்த பல்லி. நான்கு முறை கொதிநீர் விட்டுக் கழுவினேன், சிந்துஜாவிடம் சொல்லவில்லை.

சிஸ்டரில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுகிறவர் பக்கத்தில், இடது சீட்டில் இருப்பவர் பயணி இல்லை. எதிரே வருவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இடப்பக்கம் மாடு." "வேகத்தடை, பெயின்ட் இல்லை." "சைக்கிள், திரும்பப் போகிறான்." என் கணவர் ஓட்டினால் நான் சொல்வேன், நான் ஓட்டினால் அவர். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களில்கூட இதை நிறுத்தியதில்லை. நாசிக்கிலிருந்து துலே வரை நாங்கள் பேசிக்கொண்டது மாடும் லாரியும் பள்ளமும் மட்டும்தான்.

இடது சீட்டு தூரிகாவுக்கு. சிந்துஜா பின்னால் கபிலனையும் வாந்திப் பையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 29, ஞாயிறு

ஹம்பிக்கு முதல் ஒத்திகைப் பயணம் முடிந்தது. மிகத் திருப்தி.

ஆனைமலையில் என் கணவரின் பங்காளி ஒருவருடைய தென்னந்தோப்பு. நேற்று ஆறு மணிக்குக் கிளம்பினோம். நான்கரை என்று சொல்லியிருந்தேன். கபிலனின் ஒரு செருப்பைக் காணவில்லை. கிளட்ச் என் காலை மறக்கவில்லை. பொள்ளாச்சிச் சாலையில் எண்பதில் போனபோது சிந்துஜா பின்னாலிருந்து, "மேடம், சூப்பரா ஓட்டறீங்க" என்றாள். மரியாதைக்குச் சொன்னது அல்ல.

தூரிகா பிறவிச் சாலைக்காரி. மாடு, பள்ளம், லாரி என்று நான் கேட்டதைச் சொன்னாள். பாதி வழியில் நான் கேட்காததையும் சொல்ல ஆரம்பித்தாள். "சிக்னல் ஆன்ட்டி. சிவப்பு. இன்னும் சிவப்புதான். இப்ப பச்சை." "முன்னாடி பைக்ல ஒரு மாமா, நடு ரோட்டுல." "அந்தப் பாட்டி குறுக்கே வர்றாங்க ஆன்ட்டி, வந்துட்டாங்க, வந்துட்டாங்க, போயிட்டாங்க." சிக்னலின் நிறமெல்லாம் எனக்குத் தேவையில்லை என்று சொல்ல நினைத்தேன். குழந்தையின் உற்சாகத்தைக் கெடுப்பானேன்.

கூடாரம் அடிக்கும்போது கபிலன் முளைக்குச்சியை விட்டுவிட்டுத் தன் கால்விரலில் அடித்துக்கொண்டான். இரவு ரசம் சாதம், சுட்ட அப்பளம். ஒரு நாய் எங்களைத் தத்தெடுத்துக்கொண்டது.

இறங்கும்போது தூரிகாவின் தொண்டை கட்டியிருந்தது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேன்.

ஜனவரி 1, புதன்

சர்ச்சிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் கேக் கொண்டுவந்தார். அடிப்பக்கம் கருகியிருந்தது. நன்றி சொன்னேன்.

ஜனவரி 5, ஞாயிறு

இரண்டாவது ஒத்திகை. ஒரு சிறு அசம்பாவிதம். யாருக்கும் அடி இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நேற்றிரவு பவானிசாகர் பக்கம் ஒரு தெரிந்தவர் தோட்டத்தில் தங்கினோம். மயில்கள் விடிய விடியக் கத்தின. பிள்ளைகள் தூங்கவில்லை. இன்று காலை எட்டரைக்குத் திரும்பினோம். நெடுஞ்சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்பதால் ஊர்களுக்குள் போகிற சாலையைப் பிடித்தேன்.

அந்தப் பக்கம் கொள்ளு அறுவடை. பிடுங்கிய செடியைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுகிறார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் காய் உடைந்து கொள்ளு தனியாகும். வண்டிக்காரர்களும் தெரிந்தே அதன்மேல் ஓட்டுகிறார்கள். நானும் ஓட்டினேன். டயருக்குக் கீழே மொறமொறவென்ற சத்தம். செடி முடிகிற இடத்தில், தூற்றிய கொள்ளைக் குவித்து, சுற்றிக் கல் வைத்திருந்தார்கள். அதன் மேலும் ஓட்டிவிட்டேன்.

கல் மோதிய சத்தம் பெரியதாக இருந்தது. பிரேக் போட்டேன். ஒரு பெண் ஓடிவந்து என் கதவில் அடித்தாள்.

"ஏனுங்க, கண்ணு தெரியறதில்லீங்களா? செடி மேல ஏத்துங்கன்னா குமி மேல ஏத்தறீங்க! எங்கப்பாரு அந்தச் சேர்லதானுங்க உக்காந்திருந்தாரு! இப்பத்தான் எந்திரிச்சு அந்தப் பக்கம் போனாரு! அவுரு இருந்திருந்தா என்னாயிருக்கும்? சொல்லுங்க, என்னாயிருக்கும்?"

இறங்கிப் பார்த்தேன். முன் சக்கரத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நொறுங்கிக் கிடந்தது. சிவப்பு நிறம். தூரத்தில் வேலியோரம் ஒரு கிழவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். "உடு கண்ணு, சேருதான" என்றார். அந்தப் பெண் விடவில்லை. அவள் கத்தியதில் நியாயம் இருந்தது. நாற்காலிக்கும் கொள்ளுக்கும் கொடுத்துவிட்டு, மன்னிப்பும் கேட்டேன். சாலை களத்துமேடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

திரும்பி வேனில் ஏறினால் தூரிகா விசும்பிக்கொண்டிருந்தாள்.

"நான் தூங்கிட்டேன்மா. புளியமரம் வரைக்கும் சொன்னேன். அப்புறம் தூங்கிட்டேன். நான் சொல்லியிருந்தா ஆன்ட்டி நிறுத்தியிருப்பாங்க."

சிந்துஜா பின்னால் கபிலனைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சரி விடுடி, அழாத. ஒண்ணும் ஆகலைல்ல" என்றாள்.

நான், "இடது சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன்" என்றேன்.

விதியைத்தான் சொன்னேன். வீடு வரும் வரை யாரும் பேசவில்லை. தூரிகா மட்டும் பேசினாள். மாடு. பள்ளம். சிக்னல். ஒன்றையும் விடவில்லை.

ஜனவரி 6, திங்கள்

யூசுப் வந்து பம்பரை நிமிர்த்தினான். எப்படி ஆயிற்று என்றான். கல் என்றேன்.

சாலையில் நாற்காலி போட்டு உட்காருவது சட்டப்படி குற்றம். காலை வெயில் வேறு எதிரே அடித்தது. கண்ணாடியில் தூசி. செடியின் நிறமும் குவியலின் நிறமும் ஒன்றுதான். யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள்.

ஆனால் நாற்காலி சிவப்பு.

ஜனவரி 7, செவ்வாய்

காலையில் கபிலன் தனியாக இறங்கி வந்தான். ஒரு கையில் பிஸ்கட், இன்னொரு கையில் இன்னொரு பிஸ்கட்.

"அக்கா எங்கே?"

"அக்கா பிராக்டீஸ் பண்றா."

"என்ன பிராக்டீஸ்?"

"தூங்காம இருக்கற பிராக்டீஸ். நைட்டு லைட்ட அணைச்சதும் எந்திரிச்சு உக்காந்துக்குவா. தூக்கம் வந்தா போய் மூஞ்சி கழுவுவா. எனக்குக் கூட கிள்ளச் சொல்லிக் குடுத்திருக்கா. நான் கிள்ளினேன், அழுதுட்டா. அம்மாகிட்ட சொல்லக் கூடாதாம்."

"எதற்கு இதெல்லாம்?"

"ஹம்பி போறப்ப அவ தூங்கிட்டா நாம செத்துப் போயிருவோம்ல ஆன்ட்டி" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு இரண்டாவது பிஸ்கட்டைக் கடித்தான்.

மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. தயிர்சாதத்தை எடுத்து மூடிவைத்தேன். மூன்று மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு மாடிக்குப் போனேன். குடிவைத்தவர்கள் வீட்டுக்கு நான் போவதில்லை; அது என் பழக்கம். சிந்துஜா கதவைத் திறந்து பதறிப்போய் நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினாள். தூரிகாவைக் கூப்பிடச் சொன்னேன். பள்ளி விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். சீருடையோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"தூரிகா, அன்றைக்கு நடந்தது உன் தப்பு இல்லை."

"நான் தூங்கிட்டேன் ஆன்ட்டி."

"பத்து வயதுப் பிள்ளை காரில் தூங்கும். தூங்கத்தான் வேண்டும். ஓட்டுகிறவருக்குக் கண் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை. அந்தக் குவியல் எனக்குத் தெரியவில்லை. நாற்காலி தெரியவில்லை."

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் தண்ணீர் கேட்க வேண்டியிருந்தது.

"கொஞ்சம்கூடத் தெரியாதா?" என்றாள்.

"ஓரமெல்லாம் தெரியும். நேராகப் பார்க்கிற இடத்தில் மட்டும் அழித்து விட்ட மாதிரி இருக்கும். இப்போது உன் இரட்டைப் பின்னல் தெரிகிறது, காது தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை."

"அப்ப நான் எப்படி இருப்பேன்னே உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"ஓரமாத் தெரியும்னா ஓரமாப் பாக்கலாம்ல?"

பேசுகிறவரின் முகத்தை நேராகப் பார்க்க வேண்டும், பக்கவாட்டில் பார்ப்பது கள்ளத்தனம் என்று எனக்குச் சொல்லி வளர்த்தார்கள் என்றேன். ஒரு தடவை பார்த்தால் ஒன்றும் ஆகாது, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள்.

ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். அவள் முகம் ஓரத்தில் வந்து நின்றது. புருவத்துக்கு மேலே ஒரு அம்மைத் தழும்பு. முன்பல் ஒன்றில் முனை உடைந்திருந்தது. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து வீங்கி, பத்து வயதில் யாருக்கும் இருக்கக் கூடாத முகமாக இருந்தது. நான் செய்தது அது.

"எப்படி இருக்கேன் ஆன்ட்டி?"

"நன்றாக இருக்கிறாய். இன்றைக்கு எட்டு மணிக்குத் தூங்கு."

சிந்துஜா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"தெரிஞ்சேவா ஓட்டினீங்க மேடம்?"

"ஆமாம்."

"எம் புள்ளைங்க உள்ள இருந்தாங்க."

"ஆமாம்."

"மேடம்னு உங்களை நம்பி ஏத்தினேன். அவங்கப்பாகிட்ட எவ்வளவு பேசி சம்மதம் வாங்கினேன் தெரியுமா? எம் பொண்ணு ரெண்டு நாளா எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. காய்ச்சல் வருதுன்னு நெனச்சு கஷாயம் குடுத்திட்டிருக்கேன் நானு."

இறங்கி வந்தேன். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

ஜனவரி 8, புதன்

மாடியிலிருந்து யாரும் வரவில்லை. கூடாரத்தை மடித்து வைத்தேன்.

ஜனவரி 9, வியாழன்

காலை ஒன்பது மணிக்குச் சிந்துஜா காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தாள். என் வாசலில் ஹாரன் அடிப்பதை நான் அனுமதிப்பதில்லை. வெளியே போனேன்.

"ஏறுங்க. எங்க அண்ணி வேலை செய்யற ஆஸ்பத்திரில கண்ணுக்கு டோக்கன் போட்டிருக்கேன்."

"நான் கேட்கவில்லையே."

"நீங்க கேக்க மாட்டீங்கன்னுதான் போட்டேன். இன்னும் எனக்குக் கோவம் போகல மேடம், பேசாம ஏறுங்க."

ஏறினேன்.

இந்த டாக்டரம்மாவுக்காவது வயது இருந்தது. ஒரு வருடத்துக்கு முன்பே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கலாம் என்றாள். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது. மாதாமாதம் வர வேண்டும். வண்டி ஓட்டுவதைப் பற்றி நானே கேட்டேன், அவள் சொல்வதற்கு முன்னால். கூடாது என்றாள். இனி எப்போதுமேவா என்றேன். எப்போதுமேதான் என்றாள்.

ஊசியைப் பற்றி நான் நினைத்திருந்ததில் பாதிகூட வலி இல்லை. ஒரு வருடம் அதற்குப் பயந்திருக்கிறேன். இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

திரும்பி வரும்போது சிந்துஜா வாங்கிக்கொடுத்த காபியில் சர்க்கரை அதிகம். குடித்தேன்.

ஜனவரி 11, சனி

சிஸ்டரின் சாவியைச் சிந்துஜா கேட்கவில்லை. இனி அவள் ஓட்டட்டும் என்று நானாகக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன்.

"மேடம், நான் கார்தான் ஓட்டியிருக்கேன். இது யானை மாதிரி இருக்கு."

"யானை ஓட்டுகிறவர்களும் அம்மா வயிற்றில் கற்றுக்கொண்டு வரவில்லை."

பள்ளி மைதானத்தில் யூசுப்பை உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்குப் போகும்போது அரைக்கிறாள். யூசுப் அவளிடம் அதைச் சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்காருவதும் ஒரு வேலைதான் என்று இன்று தெரிந்தது; அதில் எனக்குத் தேர்ச்சி போதாது. எழுந்து போய்ச் சொல்லிவிட்டேன். "தெரியுது மேடம், பழகிரும்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

சாயங்காலம் திட்டத்தை முழுவதும் மாற்றினோம். ஹம்பி அவளுக்கு முதல் பயணத்திலேயே அதிகம். ஸ்ரீரங்கப்பட்டணம் வரை. ஐந்து ராத்திரி. திம்பம் மலைப்பாதை வேண்டாம். பாலக்காடு வழியாகச் சுற்றுவதா, ஓசூர் வழியா என்று அரை மணி நேரம் வாதம். ஓசூர். தூரம் அதிகம், ஆனால் அகலச் சாலை, அவளுக்குக் கொண்டைஊசி வளைவு இல்லை. நான் வரைபடத்தைப் பார்க்காமலே ஊர்களை வரிசையாகச் சொன்னேன். சேலம் வழியாகப் போவதால் முதல் ராத்திரி அவள் அம்மா வீட்டு மாந்தோப்பு. கிளம்புவது ஏழு மணி. பேசாமல் இருக்கிற பத்து நிமிடம் ரத்து.

இடது சீட்டு விதியையும் ரத்து செய்தேன். குழந்தைகள் அங்கே உட்காரக் கூடாது. தூரிகா முறைத்தாள். முறைத்தது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"அப்ப யாரு ஆன்ட்டி மாடு சொல்லுவா?"

"உன் அம்மாவுக்கு மாடு தெரியும்."

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல். சேலம் அருகே, மாந்தோப்பு

ஏழு மணி என்று சொல்லி எட்டே முக்காலுக்குக் கிளம்பினோம். வாசலில் பொங்கல் வைத்து, பால் பொங்கி, கபிலன் பொங்கலோ பொங்கல் என்று தெருவையே கூட்டி, பிறகு அவனுக்குச் சட்டை மாற்றி. நான் கடிகாரத்தை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன். பார்த்தால் தெரியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

முன்னால் சிந்துஜா. பக்கத்து சீட்டில் ஆள் இல்லை, அவள் போன் மட்டும். அதற்குள்ளிருந்து ஒரு பெண் வழி சொல்லிக்கொண்டே வந்தாள். அவினாசியை அவள் உச்சரித்த விதத்தை அவினாசிக்காரர்கள் கேட்டால் வழக்குப் போடுவார்கள்.

பின் சீட்டில் நான், இந்தப் பக்கம் தூரிகா, அந்தப் பக்கம் கபிலன். சிஸ்டரின் பின் சீட்டில் நான் இதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை. ஜன்னல் தாழ்வாக இருக்கிறது. சாலை தெரிவதில்லை, பின்னால் ஓடுகிற மரம்தான் தெரிகிறது. முதல் அரை மணி நேரம் என் வலது கால் தானாகப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. தூரிகா அதைக் கவனித்து, தன் காலை என் கால் மேல் போட்டாள். கனமாக இருந்தது. எடுக்கச் சொல்லவில்லை.

பெருந்துறையைத் தாண்டியபோது கபிலன், "வருது" என்றான். பையைப் பிரித்து நான்தான் பிடித்தேன். கொஞ்சம் என் கைப்பைக்குள்ளும் போனது. துடைத்துவிட்டு எலுமிச்சம்பழம் கொடுத்தேன். என் மடியில் தலை வைத்துக்கொண்டான். அந்தப் பக்கம் தூரிகா ஏற்கெனவே தூங்கியிருந்தாள், வாயைத் திறந்துகொண்டு, ஒரு கவலையும் இல்லாமல்.

ஓடுகிற வண்டியில் நான் தூங்குவதில்லை. ஓட்டினாலும் சொன்னாலும் விழித்திருப்பேன். ரயிலில்கூட உட்கார்ந்தே வருவேன். என் கணவர் கேலி செய்வார், நீ கண் மூடினால் ரயில் நின்றுவிடுமா என்று.

விழித்தபோது இன்ஜின் நின்றிருந்தது. மாமரத்தில் காக்காய்கள். சிந்துஜா கீழே இறங்கி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு தன் அம்மாவிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வீட்லருந்து இங்க வரைக்கும் நான்தாம்மா ஓட்டினேன், நான்தான், ஒரு தடவைகூட யாரும் ஒண்ணும் சொல்லல. திரும்பிப் பாத்தா மூணு பேரும் தூங்கறாங்க."